வெள்ளையடிக்காத பொங்கல்

மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். வெயில் ஏறாத காலை நேரம். என் வீட்டுக்காரர் குளத்தூரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் சைக்கிளை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடினார். நேராகப் போய் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

எதிரே வீட்டுச் சொந்தக்காரி பொன்னாத்தா. ஒரு கையில் சுண்ணாம்புச் சட்டி, மறு கையில் நுனி நசுக்கிய பனமட்டை. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள்.

"நகருங்க தம்பி. சட்டையில தெறிச்சா என்னையச் சொல்லக் கூடாது."

"தெறிச்சா தெறிக்கட்டும். இந்தச் செவுத்துல மட்ட படக்கூடாது."

"இது எஞ் செவுருங்க."

"செவுரு ஒங்களோடதுதான். அதுமேல இருக்கிற மருந்து சர்க்காரோடது."

நான், நாங்கள் வாடகைக்கு இருந்த பகுதியின் வாசலில் முறத்தோடு நின்றிருந்தேன். ஆவூரில் பிறந்து வளர்ந்தவள் நான். வருஷா வருஷம் பாஸ்கா நாடகத்தில் சிலுவைக் காட்சி பார்த்த கண்ணுக்கு, கையை விரித்து நிற்கிற மனுஷனைப் பார்த்ததும் என்ன ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷனைப் பார்த்துச் சிரித்தால் பாவம் என்று முறத்தால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் உள்வாசலில் செல்லாயி நிற்பதைப் பார்த்தேன். பொன்னாத்தாவின் மருமகள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மாமியாரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

காய்ச்சல் ஊர்

சென்ற வாரம் என் கல்யாணப் பந்தல் மழையில் சரிந்த கதையை எழுதியிருந்தேன். "அப்புறம் மாமியார் வீட்டில் எப்படி?" என்று சில வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். மாமியார் வீட்டில் நான் இருந்ததே சில வாரங்கள்தான். அதற்குள் அவருக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், நாங்களெல்லாம் திருச்சிராப்பள்ளி ஜில்லாக்காரர்கள் ஆகிச் சில வருஷங்கள் கழிந்திருந்த காலம். மலேரியாவை ஒழிப்பது என்று சர்க்கார் கச்சை கட்டி இறங்கியிருந்தது. அவருக்கு மலேரியா இன்ஸ்பெக்டர் வேலை. பேர் பெத்த பேர். கொடுத்தது என்னவோ காக்கிச் சட்டையும், வாளியும் பம்புமாக அலையும் ஒரு கூட்டம் ஆட்களும்தான். சைக்கிள் அவருடைய சொந்தச் சைக்கிள்.

நாங்கள் குடிபோன ஊர் குளத்தூருக்கு மேற்கே, பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. பெயரை எழுதப் போவதில்லை. இன்று அங்கே கல்யாண மண்டபம் எல்லாம் வந்துவிட்டது. பழசைக் கிளறினால் என்னை அடிக்க வருவார்கள். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் அதற்குக் காய்ச்சல் ஊர் என்றே பெயர். பாழுங்கிணற்றில் தள்ளினாலும் தள்ளுவேனே தவிர அந்த ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று கீரனூர்ப் பக்கம் சொல்வார்கள். என்னைக் கொடுத்தபோது என் அப்பாவுக்கு மட்டும் இந்தச் சேதி எட்டவில்லை.

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பும். கல் எடுத்த குழிகளில் எல்லாம் தண்ணீர் நிற்கும். கார்த்திகை பிறந்தால் குளிர்காய்ச்சல் தொடங்கிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல அங்கே காய்ச்சலுக்கும் முறை இருந்தது. "இன்னைக்கு ஒனக்கா, ஒன் தம்பிக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டுக்கொள்வார்கள். முறை இல்லாதவன் வயலுக்குப் போவான், முறை இருப்பவன் கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடப்பான். தை அறுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். வெளியூர்க்காரர்களோ வரப் பயப்படுவார்கள்.

மகாராஜா காலத்தில் இதற்கு மருந்து கொய்னாத் தண்ணீர். குவினைனைத்தான் அப்படிச் சொல்வார்கள். என் அப்பா சின்ன வயதில் குடித்திருக்கிறார். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்ள, நாலாவது ஆள் வாயில் ஊற்ற வேண்டுமாம். மூன்று நாளைக்குச் சர்க்கரையும் கசக்குமாம், காதில் வண்டு இரையுமாம். "காய்ச்சல் எனக்குப் பயந்து ஓடலை, கொய்னாவுக்குப் பயந்து ஓடுச்சு" என்பார் அப்பா.

குடித்தவனும் சுவரும்

புது மருந்து வாய்க்கு அல்ல, சுவருக்கு. இதை ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் நாள் கூட்டத்தில் அனாபிலிஸ், ஒட்டுண்ணி என்று ஆரம்பித்தார். ஆம்பளைகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது என்ன தோன்றியதோ, சட்டென்று பேச்சை மாற்றினார்.

"கள்ளுக் குடிச்சவன் நேரா வீட்டுக்குப் போவானா? செவுத்தப் புடிச்சிக்கிட்டுச் செத்த நேரம் நின்னுட்டுத்தான போவான்? கொசுவும் அப்படித்தான். நம்ம ரத்தத்தக் குடிச்சிட்டுப் பறக்க முடியாம செவுத்துல போய் ஒக்காரும். அந்தச் செவுத்துல மருந்து இருந்தா அங்கயே அதுக்குக் கதை முடிஞ்சிரும்."

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். இருந்தும் அத்தனை பேருக்கும் உடனே புரிந்துவிட்டது. எப்படிப் புரிந்தது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கார்த்திகையில் வந்து மருந்து அடித்தார்கள். வீட்டுச் சாமான் அத்தனையும் தெருவுக்கு வந்தது. ஒருவர் வாளியில் பம்பை நிறுத்திக் காலால் மிதித்துக்கொண்டு அழுத்த, இன்னொருவர் நீளக் குழாயால் சுவர் முழுக்கப் பீய்ச்சுவார். ஆம்பளைகள் படுக்கிற தாழ்வாரத்துச் சுவர், அதாவது தெருவைப் பார்த்த சுவர், அதற்கும் மருந்து உண்டு. காய்ந்ததும் சுவரெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்துவிடும். மூன்று மாதமாவது அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் கட்டளை. மெழுகக் கூடாது, பூசக் கூடாது, வெள்ளையடிக்கக் கூடாது. மேலே ஒரு பூச்சு விழுந்தால் மருந்து அடியில் போய்விடும், கொசு சௌகரியமாக மேலே உட்கார்ந்துகொள்ளும்.

மருந்தின் பெருமையை ஊருக்கு முதலில் காட்டியது கொசு இல்லை, மூட்டைப்பூச்சி. மறுநாள் கட்டில்களைத் தட்டினால் செத்த பூச்சி கொட்டியது. அதைப் பார்த்த சனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கொசுவை ஒழிக்க வந்தவருக்கு இது கொஞ்சம் மனக்குறை. என் அம்மா ஆவூரிலிருந்து ஆள் அனுப்பினாள், ஒரு சீசாவில் கொஞ்சம் ஊற்றி அனுப்பச் சொல்லி. மாப்பிள்ளை கண்டிப்பாக மறுத்துவிட்டார். அம்மாவுக்கு அந்தக் கோபம் வெகுநாள் இருந்தது.

இன்று அந்த மருந்தின் பெயரைச் சொன்னால் என் பேரன் முகம் சுளிக்கிறான். பறவைக்கு ஆகாது, மண்ணுக்கு ஆகாது என்று வரிசையாகச் சொல்கிறான். படித்தவன், சரியாகத்தான் சொல்வான். அவனுக்குக் குளிர்காய்ச்சல் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாமல் இருப்பதில் எனக்குச் சந்தோஷமே.

செல்லாயி

செல்லாயிக்கு என் வயதுதான். நல்ல கறுப்பு, நல்ல பல்வரிசை, வேலை செய்தால் இரண்டு ஆள் வேலை. அவளுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கிப் போயிருந்தது. முதல் முறை காய்ச்சல் கண்ட வாரத்திலேயே கலைந்தது. இரண்டாவது, ஏழாம் மாதம். அதுவும் தை மாதக் காய்ச்சலில். அந்தத் தடவை யாரோ கொய்னா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கொண்டுபோனது காய்ச்சலா மருந்தா என்று யாருக்கும் தெரியாது. பொன்னாத்தா மருந்துதான் என்று தீர்மானித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் கசப்பு மாத்திரை எதுவும் நுழைய முடியாது. மருமகளுக்குத் தாயும் இல்லை, அனுப்பி வைக்க ஓர் இடமும் இல்லை.

இது மூன்றாவது. யாருக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வளைகாப்புப் பேச்சையே எடுக்கவில்லை. கண்பட்டுவிடும் என்று பயம்.

"அக்கா, எனக்கு மாத்தரயும் குடுக்க மாட்டாக. காச்சல் வந்துச்சுன்னா இதுவும் போயிரும்" என்று ஒரு நாள் மாவு இடிக்கும்போது என்னிடம் சொன்னாள். ஒரே வயதுதான் என்றாலும் மருந்துக்காரர் பெண்டாட்டி என்பதால் நான் அக்கா. நான் உலக்கையை வாங்கி இடித்தேன்.

ஆக, காய்ச்சல் வந்தபின் அவளுக்கு வைத்தியம் கிடையாது. வராமல் இருந்தால்தான் பிள்ளை. வராமல் இருக்க அவளுக்கு இருந்த காவல் அந்தச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரைத்தான் பொன்னாத்தா அன்று வெள்ளையடிக்கப் போனாள்.

கையை விரித்து நின்றவர்

பொன்னாத்தாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மருமகளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதவள். அவள் வெள்ளையடிக்க வந்ததும் அந்தப் பிள்ளைக்காகத்தான்.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு என்றால் அதற்கு ஒரே அர்த்தம். அந்த வருஷம் அங்கே சாவு விழுந்திருக்கிறது. அந்த வீட்டில் சுண்ணாம்பு நீறாது, காவிப்பட்டை ஏறாது. தெருவில் போகிறவன் சுவரைப் பார்த்தே குரலைத் தாழ்த்திக்கொள்வான். மற்றபடி எவ்வளவு ஏழை வீடாக இருந்தாலும் தை பிறக்கும்போது சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும்.

"வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வீடுங்க தம்பி" என்றாள் பொன்னாத்தா. கையிலிருந்த மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டிக்கொண்டிருந்தது. "நல்ல நாளும் அதுவுமா நானே எழவுக்கோலம் போட்டு வைக்கவா? இந்தா வாடான்னு எமனுக்கு நானே வீட்டக் காட்டிக் குடுக்கவா? ரெண்டு போயிருச்சு. போதும்."

அவர் கை மெல்லக் கீழே இறங்கியது.

"ஆபீசுல பேசிட்டு வாரேன். பொங்கல் கழிச்சு இன்னொரு தடவ மருந்தடிக்க முடியுமான்னு கேக்குறேன். அதுவரைக்கும் பொறுங்க" என்றார்.

"போகி வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேல முடியாது."

சட்டி உள்ளே போனது. நான் போய்ச் சைக்கிளை நிமிர்த்தி வைத்தேன். கைப்பிடி கோணிப் போயிருந்தது.

ஆபீசில் நடந்தது அவர் சொல்லக் கேட்டது. ஆட்களெல்லாம் வேறு தாலுகாவுக்குப் போய்விட்டார்களாம். அடுத்த சுற்று பங்குனியில்தானாம். "வெள்ளையடிக்க வேணாம்னு சொல்லுங்க. பொங்கலுக்காகக் கொசு லீவு போடுமா?" என்று கேட்டாராம் பெரிய அதிகாரி. கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வியைப் பொன்னாத்தாவிடம் வந்து கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நடுவில் கிறிஸ்மஸ் வந்தது. எங்கள் பகுதிச் சுவரையும் அப்படியே விட்டேன். அம்மா ஆவூரிலிருந்து பலகாரத்தோடு வந்து உள்ளே நுழைந்தவள், சுவரைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "பாலன் பொறக்கிற வீடா இது? மாட்டுக் கொட்டில் தேவலாம் போல" என்றாள். "அவர் மாட்டுக் கொட்டில்லதான்மா பொறந்தார்" என்றேன். அம்மா என்னோடு மத்தியானம் வரை பேசவில்லை.

கல்யாண வீடு

தெருக்கோடியில் ஒரு வீடு. மருந்து அடித்த மறு வாரமே அங்கே ஒரு கல்யாணம். கல்யாண வீட்டை வெள்ளையடிக்காதே என்று யார் சொல்வது? சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவரெல்லாம் பளீரென்று அடித்திருந்தார்கள். அவருடைய அதிகாரம் அங்கே எடுபடவில்லை. கல்யாணச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டு வந்தார்.

மார்கழிக் கடைசியில் அந்த வீடே காய்ச்சலில் விழுந்தது. அப்பா, அம்மா, மறுவீடு வந்திருந்த புதுப்பெண் எல்லோருக்கும் குளிர்காய்ச்சல். பழைய மாதிரியே ஆளுக்கொரு முறை.

பொன்னாத்தா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற வழியில் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் நின்று நின்று வந்தாள். திட்டுத் திட்டாக மருந்து பூத்த அழுக்குச் சுவர்கள். அந்த வீடுகளில் அந்த வருஷம் கம்பளியை எடுத்தவர் யாருமில்லை.

எங்கள் வாசலுக்கு வந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுல மட்டும் ஏன் தம்பி?"

"நீங்கதான் பாத்துட்டு வாரீங்களே" என்றார் அவர்.

"செவுரு."

"ஆமா."

திரும்பித் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். "அப்ப எங்க வீட்ட மட்டும் வெள்ளயடிக்காம விட்டாப் போதுமா?"

"போதாதுங்க. கொசுவுக்கு வேலி உண்டா? அடுத்த வீட்டுச் செவுத்துல நல்லா ஒக்காந்து எந்திரிச்சு இங்கிட்டு வரும். தெரு முழுக்க இருந்தாத்தான் காவல்."

சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன். பொன்னாத்தா தன் வீட்டுக்குள் போனாள். போய் முகம் கழுவி, தலை வாரி, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். "சவேரி, கூட வா" என்றாள் என்னிடம்.

வீடு வீடாக

கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி ஒரு வீடு விடாமல் போனோம். எல்லா இடத்திலும் அவள் சொன்னது ஒன்றேதான். வாய்விட்டுச் சொல்லாமல் மூடி வைத்திருந்ததை எல்லார் வாசலிலும் நின்று சொன்னாள்.

"எம் மருமக வயித்துல ஒண்ணு தங்கியிருக்கு. அது நிக்கணும்னா இந்தப் பொங்கலுக்கு யாரும் செவுத்தத் தொடக்கூடாது. நான் மட்டும் வெளுக்காம விட்டா எங்க வீடு எழவு வீடாயிரும். தெருவே வெளுக்காம விட்டா யாரு வீடும் எழவு வீடு இல்ல."

நான் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். மேடைப் பேச்சு, கோயில் பிரசங்கம் எல்லாம். அந்த மாதிரி ஒரு பேச்சை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சனங்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. சாமி கோவித்துக்கொள்ளாதா என்றார்கள். பொண்ணு பார்க்க வருகிறார்களே என்றார்கள். தரையை மெழுகலாமா என்று ஒருத்தி கேட்டாள். தரைக்குத் தடை இல்லை என்று நான் சொன்னேன். "அப்பத் தரையில பெருசாக் கோலம் போட்டுக்கிருவோம்" என்றாள் அவள். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இளகினார்கள்.

கடைசியாகக் காமாயி வீடு. பொன்னாத்தா வீட்டை ஒட்டிய வீடு. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் வெகு காலம் ஆகியிருந்தது. பொன்னாத்தாவின் ஆடு காமாயியின் அவரைக்கொடியை மேய்ந்ததில் ஆரம்பித்தது. வருஷா வருஷம் தெருவிலேயே வெளுப்பான வீடு காமாயி வீடுதான். அதில் அவளுக்கு அவ்வளவு கர்வம்.

பொன்னாத்தா வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள். காமாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

"அவ அடிப்பா" என்றாள் பொன்னாத்தா. "எம் மேல இருக்கிற கோவத்துலயாச்சும் அடிப்பா."

போகி அன்று காமாயி வீட்டுக் கொல்லையில் சுண்ணாம்பு நீறுகிற சத்தம் கேட்டது. கொதிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. செல்லாயி அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். ஒட்டிய வீட்டுச் சுவர் வெளுத்துவிட்டால் தன் வீட்டுச் சுவர் இருந்தும் பாதிக் காவல்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கரும்போடு வந்தவர்

பொங்கல் அன்று விடிந்ததும் நான் முதலில் பார்த்தது காமாயி வீட்டைத்தான். கிணற்றுச் சுவர் வெள்ளை. மாட்டுத் தொட்டி வெள்ளை. துளசி மாடம் வெள்ளை. வீட்டுச் சுவரில் ஒரு சொட்டு விழவில்லை. கார்த்திகையில் அடித்த மருந்துத் திட்டு அப்படியே இருந்தது. கர்வக்காரி, வாங்கின சுண்ணாம்பை வீணாக்காமல் கிணற்றுக்கு அடித்துவிட்டாள்.

அந்தக் கல்யாண வீட்டைத் தவிரத் தெரு முழுக்க அழுக்குச் சுவர். தரையிலோ அத்தனை பெரிய கோலங்கள். வண்டி போக வழி இல்லை. அந்த மாதிரி ஒரு பொங்கலை நான் எங்கும் பார்த்ததில்லை.

பானை வைக்கிற நேரத்தில் கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தங்கை வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்தார். தோளில் கரும்புக்கட்டு, கையில் மஞ்சள் கொத்து. தெருமுனையில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். கரும்பை மெல்லக் கீழே இறக்கினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆத்தா, யாரு தவறிட்டாக?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். முதல் வாசலில் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தவள் காமாயி.

"இங்க யாரும் தவறலப்பா" என்றாள். "எங்க தெருவுல ஒரு புள்ள பொறக்கப்போகுது. கரும்பத் தூக்கிக்கிட்டு உள்ள வா."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரும்பைத் தூக்கிக்கொண்டு போனார். பக்கத்து வாசலில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பொன்னாத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று எங்களுக்குச் சொன்னாள்.

பங்குனி

தையும் மாசியும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். செல்லாயி தும்மினால் தெருவே எட்டிப் பார்த்தது. ஒரு நாள் அவளுக்கு உடம்பு சுட்டது. அவர் செல்லாயியின் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு, கோணின கைப்பிடிச் சைக்கிளில் புதுக்கோட்டைக்கே மிதித்தார். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. வெறும் சளிக்காய்ச்சல் என்று முடிவு வந்தது. சேதி சொல்ல வந்தவருக்குப் பொன்னாத்தா கோழி அடித்துப் போட்டாள்.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு பகல் பொழுதில் பெண் குழந்தை பிறந்தது. கறுப்பாக, செல்லாயி மாதிரியே. நல்ல சத்தம் போட்டு அழுதது.

தீட்டுக் கழிந்த சமயத்தில் அடுத்த சுற்று மருந்துக்கு நாள் குறித்தார்கள். இந்தத் தடவை அவர் முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார், வெள்ளையடிக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போதே அடித்துக்கொள்ளலாம், காய்ந்தபின் மேலே மருந்து அடிப்போம் என்று. பொங்கலுக்கு அடிக்காத வெள்ளையை அந்தத் தெரு பங்குனியில் அடித்தது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் எங்கள் ஊரில் முதலில் சுண்ணாம்பு, பிறகு மருந்து. ஆபீசில் அவர் கெஞ்சிக் கூத்தாடி அதற்கேற்ப நாளை மாற்றி வாங்கினார். காய்ச்சல் ஊர் என்ற பெயர் மெல்ல மெல்லப் போனது. பெண் கொடுக்கவும் வந்தார்கள்.

மருந்து அடித்த அன்று சாமானெல்லாம் மறுபடி தெருவுக்கு வந்தது. குழந்தையும் வந்தது. நான் புங்கமர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து அதை மடியில் போட்டிருந்தேன். பொன்னாத்தா பானைகளை அடுக்கிக்கொண்டே பம்புக்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த மூலையை விட்டுட்டீங்க, மேல அடிங்க என்று இன்ஸ்பெக்டர் வேலையை அவளே பார்த்தாள்.

காமாயி வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "குடு இங்கிட்டு" என்றாள். நான் பொன்னாத்தாவைப் பார்த்தேன். காமாயி அதற்குள் குழந்தையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

பிறகு யாரையும் பார்க்காமல், ஆனால் பொன்னாத்தாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "நல்ல நாளு பெரிய நாள்ல எம் வீட்ட எழவு வீடாட்டம் போட்டு வச்சிருந்தேன். எனக்கும் இவ பேத்திதான். யாரும் என்னையக் கேக்க வரக்கூடாது."

பொன்னாத்தா கையிலிருந்த பானையை இறக்கி வைத்தாள். காமாயியின் மடியைப் பார்த்தாள்.

"தலையப் புடிச்சுக்க" என்றாள். "ஒம் பேத்திக்கு இன்னும் கழுத்து நிக்கல."